பெற்றோரைத் தீவுக்கு அழைத்துச் செல்வோர் கவனத்திற்கு

தமிழ் இதழ்களில் ஒரு வகைப் பயணக் கட்டுரை சில ஆண்டுகளாகவே பெருகி வருகிறது. பெருநகரிலோ அயல்நாட்டிலோ வேலை பார்க்கும் மகனோ மகளோ ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்து, அந்தமானுக்கோ மாலத்தீவுக்கோ லங்காவிக்கோ கூட்டிச் சென்று படகேற்றுகிறார். கட்டுரையின் அமைப்பு மட்டும் மாறுவதே இல்லை. அப்பா உயிர்காப்பு அங்கியைத் தலைகீழாக மாட்டிக்கொள்வார். அம்மா புளியோதரைப் பொட்டலத்தைக் கடலின் நடுவே பிரிப்பாள். இடையில் ஒருவருக்குக் குமட்டும். அது இரண்டு பத்திக்கு நகைச்சுவையாகும். கடைசிப் பத்தியில் சூரியன் மறையும், அம்மாவின் கண் கலங்கும், பிள்ளை தன் கடனைத் தீர்த்துவிட்ட நிறைவோடு முற்றுப்புள்ளி வைப்பார்.

இந்த வகைக் கட்டுரை பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. அதில் பெற்றோர் இல்லை என்று சொல்கிறோம். இரண்டு மூட்டைகள் கப்பலேறி இறங்கியதைப் போலத்தான் அவர்கள் அதில் வந்து போகிறார்கள். இப்படிக் குறை கூற எங்களுக்கு ஒரு தகுதி உண்டு. அத்தகைய கட்டுரை ஒன்றை எழுதியவர்கள் நாங்கள்.

நாங்கள் அண்ணன் தங்கை இருவர். ஊர் திருக்கோவிலூர். அப்பாவுக்குத் தென்பெண்ணைக் கரையில் கொஞ்சம் கரும்பும் கொஞ்சம் நெல்லும். இருவரும் வெளியூரில் வேலை பார்ப்பவர்கள். 2019 சனவரியில் பெற்றோரை அந்தமானுக்கு அழைத்துச் சென்றோம். விமானம் வேண்டாம், கப்பல்தான் வேண்டும் என்றார் அப்பா. சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய மூன்று நாள் கடல். ஏறி இறங்கிய ஊருக்கு அப்போது போர்ட் பிளேர் என்று பெயர். 2024 செப்டம்பரில் அது ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. நாங்கள் போவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், 2018 திசம்பர் இறுதியில், ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவு என்றும், நீல் தீவு ஷஹீத் தீவு என்றும் பெயர் மாற்றப்பட்டிருந்தன. இவற்றையெல்லாம் நாங்கள் பெற்றோருக்குக் கப்பலிலேயே விளக்கினோம். சிறைச்சாலை 1906இல் கட்டி முடிக்கப்பட்டது என்பதையும் விளக்கினோம். பத்து நாளும் விளக்கினோம். அவர்கள் தலையாட்டினார்கள்.

நீல் தீவில் படகு விட்டு இறங்கியதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "ஏம்பா, இந்த ஊருக்குக் குடிக்கத் தண்ணி எங்கருந்து வருது? ஆறு ஒண்ணும் காணமே" என்பது. நாங்கள் சிரித்தோம். சுற்றிலும் அப்படியொரு நிறத்தில் கடல் கிடக்க, இவர் குடிதண்ணீரைக் கேட்கிறாரே என்று சிரித்தோம். அந்தத் தீவு அந்தமானின் காய்கறித் தோட்டம் என்பதோ, கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் அங்கே குடியேற்றப்பட்டு மண்ணைத் திருத்தினார்கள் என்பதோ எங்கள் குறிப்பேட்டில் இல்லை. பரத்பூர் கடற்கரையில் கண்ணாடி அடித்தளம் வைத்த படகில் பவளப்பாறை பார்ப்பது என்பதுதான் இருந்தது. அப்பா வழியில் ஒரு தோட்டத்து வேலியோரம் நின்றுவிட்டார். உள்ளே ஒரு வங்காளி விவசாயி. இருவருக்கும் பொதுமொழி கிடையாது. ஆனால் இருவரும் குனிந்து மண்ணைக் கிளறியபடி ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். படகுக்கு நேரமாகிறது என்று அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தோம். பவளப்பாறையைக் காட்டினோம். "நல்லாருக்கு" என்றார்.

ஊர் திரும்பும் முன்பு போர்ட் பிளேர் சந்தையில் அம்மா ஒரு பெண்ணோடு பேச்சில் அமர்ந்துவிட்டாள். தமிழ்க்குரல் கேட்டு நின்றவள். 2011 கணக்கெடுப்பின்படி அத்தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்; ஆகவே அது வியப்பில்லை. அந்தப் பெண் கச்சால் தீவிலிருந்து வந்தவளாம். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அங்கேயும் அம்மாவை எழுப்பி அழைத்துப் போனோம். சிப்பி வளையல் வாங்கும் கடை மூடிவிடும் என்பது எங்கள் அவசரம்.

ஊருக்குத் திரும்பிய பின் எழுதினோம். ஒரு சிற்றிதழில் வந்தது. வங்கக்கடலின் அலையில் அம்மா இரண்டு நாள் வாந்தியெடுத்ததும், கப்பல் உணவகத்தில் ரசம் கேட்டு அப்பா ஏமாந்ததும், பவளப்பாறைக்கு நடுவே குடிதண்ணீரைத் தேடியதும் அதில் இடம்பெற்றன. நண்பர்கள் சிரித்ததாகச் சொன்னார்கள். அம்மாவுக்குப் பேத்தி வாசித்துக் காட்டியிருக்கிறாள். அடுத்த முறை ஊருக்குப் போனபோது அம்மா அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. சோறு போட்டுவிட்டு, நாங்கள் கை கழுவப் போகும்போது சொன்னாள்: "நான் வாந்தி எடுத்தத எழுதினீங்க. அந்தப் பொம்பள சொன்னத எழுதலியே."

அப்போதுதான் அவள் என்ன சொன்னாள் என்று கேட்டோம். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால், மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்களில் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. யாரைக் கேட்டு என்று கேட்காதீர்கள். அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர் 1970களில் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியேற்றப்பட்டார்கள். அந்தப் பெண்ணின் பெற்றோர் அவர்களில் இருவர். தேயிலையிலிருந்து ரப்பருக்கு, ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு. 2004 திசம்பர் 26 அன்று கச்சாலைக் கடல் சூறையாடியது. அவளுடைய பெற்றோர் திரும்பவில்லை. இதை எங்கள் அம்மா சந்தையில் ஒரு கூறு வாழைப்பூவுக்கு முன்னால் அமர்ந்து அரைமணி நேரத்தில் தெரிந்துகொண்டாள். "எங்க அம்மாவ கப்பல்ல கூட்டியாந்து தமிழ்நாட்டக் காட்டணும்னு இருந்தேன்க்கா" என்று அந்தப் பெண் சொன்னாளாம். எங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம். அந்தக் கையைத்தான் நாங்கள் விடுவித்து வளையல் கடைக்கு இழுத்துப் போனோம்.

இது எங்கள் வீட்டுக் குற்றம் மட்டும்தானா என்று யோசித்தபோது, இல்லை என்று தோன்றுகிறது. நம் இலக்கியத்தில் கடலும் பெற்றோரும் ஒன்றாக வருவதே அரிது. கடற்பயணம் பெண்களோடு கூடியதன்று என்று தொல்காப்பிய அகத்திணையியலில் ஒரு விதி உண்டு. உரைகாரர்கள் அதற்குப் பொருள் கொள்வதில் வேறுபடுகிறார்கள். ஆனாலும் நம் மரபு அதைக் கரையில் நிற்பவளின் விதியாகத்தான் பெரிதும் வாசித்தது. போகிறவன் ஆண், நிற்பவள் தலைவியோ தாயோ. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் நூலாக வந்தது. தமிழில் கடலை அதற்கிணையாக எழுதிய நாவல் நமக்கு அதிகமில்லை. அங்கும் கடலேறுபவர்கள் இளைஞர்கள். வீடும் ஊரும் நினைவாகவே உடன் வருகின்றன. பயண இலக்கியத்தின் முன்னோடியான ஏ.கே. செட்டியார் உலகைச் சுற்றியதும் தனியராகத்தான்.

பாரதியை எண்ணிப் பாருங்கள். தெற்கு மாகடலின் நடுவே ஒரு தீவில், கரும்புத் தோட்டத்தில் வாடும் பெண்களைப் பாடியபோது, அவர்கள் தாய்வீட்டை நினைப்பார்களோ என்று ஏங்கினான். அது பிஜித் தீவு. 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவிலிருந்து அங்கே கூலி ஒப்பந்தத்தில் கொண்டு செல்லப்பட்டார்கள்; 1903க்குப் பிறகு சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழரும் தெலுங்கரும் போனார்கள். அந்தப் பெண்களுக்குத் தாய் ஒருநாள் கப்பலேறி வந்து தங்கள் குடிசையில் இரண்டு நாள் தங்குவாள் என்பது கற்பனைக்கும் எட்டாதது. வெப்பமண்டலத் தீவு என்பது தமிழர்களுக்கு நெடுங்காலம் தாய் வரமுடியாத இடமாகவே இருந்தது. மலாயா ரப்பர்க் காடும் மொரீசியசுக் கரும்பும் அவ்வாறே.

இன்று அந்தத் தாய் வருகிறாள். வரலாற்றில் முதல்முறையாக, பயணச்சீட்டு எடுத்து, தன் விருப்பத்தோடு, தன் பிள்ளையோடு தீவில் இறங்குகிறாள். நூற்றாண்டுகளின் ஏக்கம் நிறைவேறும் அந்தக் கணத்தை நாம் என்ன செய்கிறோம்? தலைகீழாக மாட்டிய அங்கியைப் படம் பிடிக்கிறோம்.

எங்கள் ஊரைக் கொண்டு இதற்கு மேலும் சொல்ல எங்களுக்கு உரிமையுண்டு. கடலுக்கு வெகுதூரத்தில், கல்வராயன் மலைக்கும் கடலூருக்கும் இடையில் கிடக்கும் ஆற்றங்கரை ஊருக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். இவ்வூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியைப் பாடிய மாறோக்கத்து நப்பசலையார் ஒரு பெண். மேலைக்கடலில் சேரனின் மரக்கலம் ஓடிய வழியில் வேறு கலங்கள் செல்ல இயலாததைப் போல, கபிலர் பாடிய பின் தான் என்ன பாடுவது என்று அவர் திகைக்கிறார். புறநானூற்றில் 126ஆம் பாட்டு. பெண்ணுக்குக் கடல் விலக்கு என்று வாசித்த மரபின் உள்ளேயே, ஆற்றங்கரை அரசனுக்கு ஒரு பெண் கடலை உவமையாக்கினார். கடலைப் பார்க்க எங்கள் அம்மாவுக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னொன்றும் உண்டு. இராசராசனைப் பெற்ற வானவன்மாதேவி மலையமான் குடியில் பிறந்தவள். கணவன் சுந்தரசோழன் இறந்தபோது குழந்தையைப் பிரிந்து அவள் தீப்புகுந்ததை எங்கள் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு சொல்கிறது. அவள் மகன் பின்னாளில் கடல் நடுவே பன்னீராயிரம் பழந்தீவுகளை வென்றதாகத் தன் மெய்க்கீர்த்தியில் எழுதிக்கொண்டான். பேரன் இராசேந்திரன் 1025இல் ஸ்ரீவிசயத்தின் மீது கப்பற்படை செலுத்தினான். தீவுகளையெல்லாம் எண்ணிக் கணக்கு வைத்த குடும்பத்தில், அவற்றில் ஒன்றையேனும் தாய் பார்க்கவில்லை. அதே கல்வெட்டுத்தான் பாரிமகளை மலையனுக்கு மணமுடித்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த கதையையும் கூறுகிறது. வடக்கிருந்து உயிர்விட்டார் என்பது இன்னொரு மரபு. எவ்வாறாயினும் இடம் ஒன்றுதான். கீழையூரில், பெண்ணையாற்றின் நடுவே நிற்கும் பாறை. தந்தையை இழந்த பெண்களுக்குத் தந்தையாக ஊர் ஊராக அலைந்த முதியவர், கடமை முடிந்ததும் போய்ச் சேர்ந்தது ஓர் ஆற்றுத்தீவு. ‘எங்களோடு வந்து இருங்கள்’ என்று அவரை யாரேனும் அழைத்ததாக எந்தக் கதையும் சொல்லவில்லை. முதியவர்களைத் தீவில் விட்டுவிடும் கலையில் எங்கள் ஊர் பழையது என்று கசப்போடு சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆனால் அதே ஊரில் அதற்கு மாற்றும் இருக்கிறது. மழை இரவில் ஓர் இடைகழியில் பொய்கையாழ்வார் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்தார், இருவரும் எழுந்து உட்கார்ந்தார்கள். பேயாழ்வார் வந்தார், மூவரும் நின்றார்கள். ஒருவர் படுக்கலாம், இருவர் அமரலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவே இடம். நான்காவதாக இருளில் நெருக்கியது யார் என்று காணத்தான் அவர்கள் பாட்டில் விளக்கேற்றினார்கள் என்பது உலகளந்த பெருமாள் கோயிலின் கதை. பக்தியை விலக்கிவிட்டு வாசித்தாலும் இதில் விருந்தோம்பலின் இலக்கணம் முழுதும் இருக்கிறது. முதலில் வந்தவர் தன் படுக்கையை இழந்தார். விருந்தினருக்கு அவர் எதையும் சுற்றிக் காட்டவில்லை. எழுந்து இடம் கொடுத்தார். நெருக்குவது யார் என்று அறிய விரும்பினார்.

விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். வந்தவர் புதியவர், ஆகவே விருந்து. பெற்றோரை நாம் ஒருநாளும் அந்தப் பொருளில் விருந்தாக நடத்தியதில்லை. அவர்களைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணுகிறோம். அப்பா இப்படித்தான் கேட்பார், அம்மா இப்படித்தான் பேசுவாள் என்று கப்பலேறும் முன்பே கட்டுரை முடிந்துவிடுகிறது. ஆனால் அறுபது ஆண்டு மண்ணைப் பார்த்த ஒருவர் முதன்முதலாகக் கடல் சூழ்ந்த மண்ணைப் பார்க்கும்போது அவருக்குள் நடப்பது புதிது. அதைக் காண அங்கே நாம் மட்டுமே இருக்கிறோம். நாமோ புகைப்படக் கருவியின் பின்னால் இருக்கிறோம்.

நண்பர்கள் சிலர் சினம் கொள்வார்கள். ‘பெற்றோரை முதியோர் இல்லத்தில் விடுபவர்கள் இருக்கும் நாட்டில், கடன் வாங்கிக் கப்பலேற்றுகிறவனைப் பிடித்துக் குறை கூறுகிறீர்களே’ என்பார்கள். செலவழித்தவரை நாங்கள் குறைகூறவில்லை. நாங்களும் கடன் வாங்கித்தான் போனோம். ஆனால் செலவு செய்த காரணத்தாலேயே பயணம் நம்முடையது, வருகிறவர் நம் கணக்கில் வருகிறார் என்ற எண்ணம் நுழைந்துவிடுகிறதே, அதைத்தான் சொல்கிறோம். வழியெல்லாம் அம்மா ஒரே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "உங்களுக்கு எதுக்கு இவ்ளோ செலவு?" அதைப் பாசம் என்று எழுதியிருந்தோம். கடன்பட்டவரின் கூச்சம் அது என்று இப்போது படுகிறது. தன் பிள்ளையின் வீட்டில் கூச்சப்படும் தாய் விருந்தினளும் அல்லள், வீட்டாளும் அல்லள்.

‘நகைச்சுவை கூடாதா?’ என்றும் கேட்கலாம். தாராளமாக. ஆனால் நகைப்புக்குரியவர் யார்? ஆறில்லாத தீவில் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டவரா, பத்து நாள் அங்கே தங்கியும் அந்தக் கேள்வி தோன்றாதவர்களா? இதழாசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. சுனாமி, ஒப்பந்தம், அகதி என்று தனித்தனியே சிறப்பிதழ் போடும் நம் இதழ்கள், அவற்றையெல்லாம் சந்தையில் அமர்ந்து கேட்டுவந்த ஒரு கிராமத்துப் பெண்ணை வாந்தியெடுத்தவளாக மட்டும் அச்சிட ஏன் ஒப்புகின்றன?

ஆகவே அழைத்துச் செல்வோரிடம் எங்கள் வேண்டுகோள் எளியது. நாளுக்கு ஒரு தீவு போதும். ஒரு வேளையேனும் எங்கே போவது என்பதை அவர்களே சொல்லட்டும். வேலியோரம் நின்றால் படகை விட்டுவிடுங்கள். அடுத்த படகு வரும். இரவில், என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், அதற்கு அவர்களிடம் ‘நல்லாருக்கு’ என்ற ஒரே விடைதான் உண்டு. எழுதுவதாயிருந்தால் அச்சுக்கு முன் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

2024 திசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. பெண்ணை இரு கரையும் புரண்டது; கபிலர் குன்று வெள்ளத்தின் நடுவே மெய்யாகவே தீவாயிற்று. எங்கள் கரும்பும் நீருக்குள். தண்ணீர் வடிந்தபின் ஊருக்குப் போனோம். வீட்டுக் கொல்லையில் பந்தல் சாய்ந்துகிடந்தது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டு, "அங்க ஆறு இல்ல, இந்த மாதிரி வெள்ளம் வராது" என்றார். எங்கே என்று கேட்டோம். நீல் தீவில் என்றார். அந்த விவசாயி என்னதான் சொன்னார் என்று ஐந்து ஆண்டும் பத்து மாதமும் கழித்து முதல்முறையாகக் கேட்டோம்.

மழைநீரைக் குட்டையில் தேக்கிவைத்து அதைக்கொண்டே கோடை முழுதும் காய்கறி விளைவிக்கிறார்கள் என்று அப்பா தொடங்கினார். எத்தனை முழ ஆழம், கரையில் என்ன மரம், உப்புக்காற்றுக்கு எந்தப் பக்கம் வேலி என்று கையால் தரையில் வரைந்து காட்டினார். புறப்படும்போது அந்த மனிதர் ஒரு பிடி காராமணி விதையை அவர் சட்டைப்பையில் போட்டாராம். எங்கள் வீட்டுப் பந்தலில் அத்தனை ஆண்டு முழநீளத்தில் காய்த்துத் தொங்கியது அதுதான். ஒவ்வொரு விடுமுறைக்கும் அதைப் பொரியலாகச் சாப்பிட்டிருக்கிறோம். சந்தையில் வாங்கியது என்று நினைத்திருந்தோம்.

விதை மிச்சம் இருக்கிறதா என்று கேட்டோம். பரண்மேல் சாம்பலில் கலந்து வைத்திருப்பதாகச் சொன்னார். ஏணியைப் பிடித்துக்கொண்டோம்; அவர் ஏறி எடுத்தார்.